தெரிந்தவரைத் தேடாதீர்கள், தேடித் தெரிந்துகொள்ளுங்கள்

தொழில்முறை லீக்குகளையும் கிளப்புகளையும் நடத்துகிற உரிமையாளர்களுக்கும், தலைவர்களுக்கும், நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு கால்பந்துப் பயிற்சியாளர். பெண். முழங்கால் காயத்தோடு ஆட்டத்தை விட்ட நாளிலிருந்து 14 வருடமாகப் பயிற்சிதான் என் பிழைப்பு, என் ஆசை, எல்லாம். சிறுவர் அணிகளில் தொடங்கி, போட்டிக் காணொளிகளை அலசிக் குறிப்பெழுதும் வேலைக்கு வந்தேன். இப்போது பிள்ளைகளோடு சேர்த்து இளம் பயிற்சியாளர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். உங்களில் யாரும் என்னைச் சந்தித்திருக்க மாட்டீர்கள். அதனால்தான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தொழில்முறை கிளப்பில் உதவிப் பயிற்சியாளர் இடம் காலியானது. விண்ணப்பித்தேன். இரண்டு வாரம் உட்கார்ந்து அந்த அணியின் கடைசி 20 ஆட்டங்களைப் பார்த்தேன். கார்னரில் எங்கே கோட்டைவிடுகிறார்கள், பந்தை இழந்த அடுத்த ஐந்து நொடியில் யார் ஓடாமல் நின்றுவிடுகிறார் என்றெல்லாம் படம் போட்டு ஒரு கோப்பு தயாரித்தேன். நேர்காணல் 25 நிமிடம் நடந்தது. கோப்பை யாரும் திறக்கவில்லை. கேட்ட கேள்விகளில் மூன்று, ஆண்கள் உடைமாற்றும் அறையில் எப்படிச் சமாளிப்பீர்கள் என்பதைப் பற்றி. நான்கு நாள் கழித்து ஃபோன் வந்தது. பேசியவர் நல்ல மனிதர், குரலிலேயே சங்கடம் தெரிந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தார், அவரையே போட்டுட்டோம்" என்றார்.

அவருக்கு என்மேல் எந்த வெறுப்பும் கிடையாது. அவர் கிளப்பில் பெண்கள் வரக்கூடாது என்று யாரும் தீர்மானம் போட்டிருக்கவும் மாட்டார்கள். 'தெரிஞ்ச ஒருத்தர்' என்ற அந்தச் சொல்தான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரே அணியில் ஆடியவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். ஒரே பயிற்சியாளரிடம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் தலைமைக்கு வருவார், தனக்குத் தெரிந்த நான்கு பேரைக் கூடவே கூட்டிவருவார். அந்த நான்கு பேரில் ஒருவர் அடுத்த தலைவர். யாரும் யாரையும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை, ஆனாலும் ஒரு தலைமுறை முழுக்க வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

எவ்வளவு காலம் நிற்கிறது என்று பாருங்கள். 1947இல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் நிறத்தடை அன்றே உடைந்தது என்று எல்லோரும் எழுதுகிறோம். களத்தில் உடைந்தது உண்மைதான். 25 வருடம் கழித்து, 1972 அக்டோபர் 15 அன்று, அந்த லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரின் ஆட்டம் ஒன்றுக்கு முன் அவரை மேடையேற்றிக் கௌரவித்தார்கள். நன்றி சொன்னவர், ஒருநாள் மூன்றாவது பேஸ் பக்கம், பயிற்சியாளர் நிற்கும் இடத்தைத் திரும்பிப் பார்க்கும்போது ஒரு கறுப்பு முகம் அணியை நடத்துவதைக் கண்டால் இன்னும் பெருமைப்படுவேன் என்று சொல்லி முடித்தார். நீரிழிவால் அப்போது அவருக்குப் பார்வை பெரும்பாலும் போயிருந்தது. ஒன்பதாம் நாள் இறந்துபோனார். பேஸ்பாலில் தலைமைப் பயிற்சியாளரை மேலாளர் என்பார்கள். அந்த லீக்கின் முதல் கறுப்பின மேலாளராக ஃபிராங்க் ராபின்சன் கிளீவ்லண்ட் அணியை நடத்தத் தொடங்கியது 1975 ஏப்ரலில். ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் இறங்கிய அவர், அன்று மட்டையெடுத்த முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன் அடித்தார். அன்றைய ஆட்டத்தைத் தொடங்கிவைக்க முதல் பந்தை எறிந்தவர் ஜாக்கியின் மனைவி ரேச்சல்.

களத்துக்கும் களத்தோர நாற்காலிக்கும் இடையே 28 வருடம். இத்தனைக்கும் அந்த 28 வருடத்தில் கறுப்பின வீரர்கள் அந்த ஆட்டத்தின் மிகச் சிறந்தவர்களாக இருந்தார்கள். ஆட்டம் தெரியவில்லை என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஒலிம்பிக்கை எடுத்துக்கொண்டால் இதைவிடவும் நீளம். பெண்கள் 1900 பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே போட்டியிட்டார்கள். 1894இல் தொடங்கிய சர்வதேச ஒலிம்பிக் குழுவில் முதன்முதலாக இரண்டு பெண்கள் உறுப்பினரானது 1981இல். 2025இல் ஜிம்பாப்வே நீச்சல் வீராங்கனை கிர்ஸ்டி கோவென்ட்ரி அதன் தலைவரானார். அவருக்கு முன்னால் ஒன்பது தலைவர்கள், ஒன்பது பேரும் ஆண்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆளும் அவர்தான்.

"நாங்கள் தகுதியை மட்டும்தான் பார்க்கிறோம்" என்று நீங்கள் சொல்வீர்கள். இதை மனதறிந்து நம்பிச் சொல்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். சரி, தகுதியைப் பார்ப்போம். 2001 முதல் 2025 வரை ஏழு பெண்கள் ஐரோப்பியக் கோப்பைகள் நடந்திருக்கின்றன. ஏழையும் வென்ற அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளர் பெண்தான். சரினா வீக்மன் மட்டும் மூன்று முறை வென்றார், அதுவும் நெதர்லாந்து, இங்கிலாந்து என்று இரண்டு வெவ்வேறு அணிகளோடு. 2004 முதல் 2024 வரை ஆறு ஒலிம்பிக்கில் பெண்கள் கால்பந்துத் தங்கம் வென்ற அணிகளுக்கும் பெண்களே பயிற்சியாளர்கள். ஜில் எல்லிஸ் 2015, 2019 என்று அடுத்தடுத்து இரண்டு உலகக் கோப்பைகளை வென்றார். இவ்வளவுக்குப் பிறகும் 2023 பெண்கள் உலகக் கோப்பைக்கு வந்த 32 அணிகளில் 12 அணிகளுக்குத்தான் பெண் பயிற்சியாளர். தகுதி ஒன்றுதான் அளவுகோல் என்றால் இந்த 12 எப்படி வந்தது என்பதை எனக்கு யாராவது விளக்க வேண்டும்.

இன்னொரு கதை இதைவிடக் கசப்பானது. அமெரிக்காவில் 1972இல் டைட்டில் நைன் சட்டம் வந்தது. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்ற சட்டம் அது. அதனால் பெண்கள் விளையாட்டுக்குப் பணம் வந்தது, ஆடுகிற பெண்களின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது. சட்டம் வந்த சமயத்தில் கல்லூரிப் பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்களில் 90 சதவீதத்துக்கு மேல் பெண்கள். இன்று அது 40 சதவீதத்தைச் சற்றே தாண்டி நிற்கிறது. அந்தப் பெண்கள் ஒரே ராத்திரியில் ஆட்டத்தை மறந்துவிடவில்லை. வேலைக்குச் சம்பளமும் மரியாதையும் கூடின, ஆண்களும் அதற்குப் போட்டியிட வந்தார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கிற விளையாட்டு இயக்குநர்களும் பெரும்பாலும் ஆண்களாகவே இருந்தார்கள். தங்களுக்குத் தெரிந்தவர்களைப் போட்டார்கள். ஆட்டத்தில் பெண்கள் பெருகப் பெருக, தலைமையில் பெண்கள் குறைந்த கதை இது. காலம் போனால் எல்லாம் தானாகச் சரியாகும் என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் நான் காட்டுவேன்.

விதி போட்டவர்களும் உண்டு. நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்கக் கால்பந்தின் லீக்கான என்எஃப்எல்லில் 2001 சீசன் முடிகிற சமயத்தில் டோனி டன்ஜி, டெனிஸ் கிரீன் என்ற இரண்டு கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர்கள் வேலையிழந்தார்கள். இருவருமே தங்கள் அணிகளைப் பலமுறை பிளே ஆஃப் வரை கொண்டுபோனவர்கள். இதைப் பார்த்துக் கொதித்த வழக்கறிஞர்கள் கேள்வி எழுப்ப, 2003இல் 'ரூனி விதி' நடைமுறைக்கு வந்தது. தலைமைப் பயிற்சியாளர் இடம் காலியானால் சிறுபான்மைப் பின்னணி கொண்ட ஒருவரையாவது நேர்காணல் செய்ய வேண்டும் என்பது அன்றைய விதி. முதல் வருடமே டெட்ராய்ட் லயன்ஸ் அணி ஸ்டீவ் மரியூச்சியை அப்படி ஒரு நேர்காணலே இல்லாமல் எடுத்தது. லீக் அந்த அணியின் தலைவருக்கு 2 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஏன் நேர்காணல் நடக்கவில்லை தெரியுமா? கூப்பிட்டுப் பார்த்தார்கள், கூப்பிடப்பட்டவர்கள் வரவில்லை. வேலை யாருக்கு என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. ஒப்புக்குப் போய் உட்கார யாருக்கு மனம் வரும்?

அந்த விதியால் பலன் இல்லாமல் இல்லை. கதவு கொஞ்சம் திறந்தது. வேலையிழந்த டன்ஜியை இண்டியானாபொலிஸ் அணி எடுத்துக்கொண்டிருந்தது. 2007 சூப்பர் பவுலில் அவரும் சிகாகோவின் லவ்வி ஸ்மித்தும் எதிரெதிரே நின்றார்கள், டன்ஜி வென்றார். அதற்கு முன் எந்தக் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரும் அந்த இறுதிப்போட்டிக்கு வந்ததில்லை. ஆனால் 2022 பிப்ரவரி முதல் தேதி கறுப்பினப் பயிற்சியாளர் பிரையன் ஃபுளோரஸ் லீக்கின் மீது வழக்குத் தொடுத்தபோது, 32 அணிகளில் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஒரே ஒருவர்தான் இருந்தார். வீரர்களில் பாதிக்கும் மேல் கறுப்பினத்தவர் உள்ள லீக் அது. நியூயார்க் ஜயண்ட்ஸ் தன்னை நேர்காணல் செய்வதற்கு மூன்று நாள் முன்பே, அந்த வேலைக்குத் தேர்வான இன்னொரு பிரையனுக்குப் போக வேண்டிய வாழ்த்துக் குறுஞ்செய்தி தவறுதலாகத் தனக்கு வந்தது என்றும், தனக்கு நடந்தது வெறும் கண்துடைப்பு என்றும் அவர் மனுவில் சொன்னார். அந்த அணி இதை மறுத்தது. நீதிமன்றம் என்ன சொல்லும் என்று பேச நான் ஆளில்லை. ஆனால் திறக்கப்படாத ஒரு கோப்போடு வீடு திரும்பியவள் என்ற முறையில், அந்த மனுவை வரிவரியாகப் படித்தேன்.

நேர்காணல் கட்டாயம் என்ற விதியை நான் எதிர்க்கவில்லை. இல்லாத இடங்களில் கொண்டுவாருங்கள். ஆனால் அது கடைசி வாசலில் வைத்த விதி. அங்கே வந்து நிற்கும் முன் பத்து வாசல் தாண்ட வேண்டும். இளையோர் அணிப் பொறுப்பு, காணொளி அலசல், கார்னர் ஃப்ரீ கிக் திட்டமிடல், உதவிப் பயிற்சியாளர், எதிரணியை வேவு பார்ப்பது, அப்புறம் வீரர்களின் ஒப்பந்தம் பேசுகிற அறையில் ஒரு நாற்காலி. தலைமைப் பதவிக்கு முந்தைய இந்த வேலைகளைத்தான் யாரும் விளம்பரம் செய்வதில்லை. ஒரு ஃபோன் காலில் முடிந்துவிடுகின்றன. இங்கேதான் கை வைக்க வேண்டும் என்பது என் முழு நம்பிக்கை.

பெக்கி ஹாமன் எப்படி வந்தார்? 2013இல் அவர் சான் அன்டோனியோவின் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆடிக்கொண்டிருந்தார். முழங்காலில் தசைநார் கிழிந்து சீசன் போனது. அந்த மாதங்களில் அதே நகரத்தின் ஸ்பர்ஸ் ஆண்கள் அணியின் பயிற்சிகளுக்கும் பயிற்சியாளர் கூட்டங்களுக்கும் போய் உட்கார்ந்தார், பேசினார், வாதாடினார். தலைமைப் பயிற்சியாளர் கிரெக் பொபோவிச்சுக்கு அவருடைய மூளை பிடித்துப்போனது. 2014இல் உதவிப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டார். 2020 டிசம்பர் 30 அன்று பொபோவிச் ஆட்டத்தின் நடுவே வெளியேற்றப்பட்டபோது பலகையை ஹாமன் கையில் எடுத்தார். அமெரிக்க ஆண்கள் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஆட்டம் ஒன்றில் ஒரு பெண் அணியை நடத்தியது அதுவே முதல்முறை. பிறகு லாஸ் வேகஸ் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய் முதல் சீசனிலேயே கோப்பை வென்றார்.

கேட்டி சோவர்ஸ் கதையும் இப்படித்தான். பில் வால்ஷ் பெயரில் என்எஃப்எல் நடத்துகிற பயிற்சி வாய்ப்பு ஒன்றின் வழியாக 2016இல் அட்லாண்டா அணிக்குப் போனார். அங்கே கைல் ஷனஹனோடு வேலை பார்த்தார். ஷனஹன் சான் ஃபிரான்சிஸ்கோ அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானதும் அவரும் அங்கே சேர்ந்தார். 2020 சூப்பர் பவுலில் களத்தோரம் நின்ற முதல் பெண் பயிற்சியாளர் அவர்.

கவனியுங்கள், இந்த இருவரும்கூடத் 'தெரிந்தவர்' என்றுதான் எடுக்கப்பட்டார்கள். தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு முதலில் அமைந்தது, அவ்வளவுதான். ஒருவருக்கு அது முழங்கால் காயத்தால் அமைந்தது, இன்னொருவருக்கு லீக் நடத்திய திட்டத்தால். காயத்தை நம்பி ஒரு துறையை நடத்த முடியாது. திட்டம் வேண்டும், அதற்குச் சம்பளம் வேண்டும். சம்பளமில்லாமல் ஒரு வருடம் கற்றுக்கொள்ள வசதி உள்ளவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். பயிற்சியாளர் லைசென்ஸ் ஒவ்வொரு படிக்கும் கட்டணம், விடுப்பு, பயணம் என்று எவ்வளவு போகிறது என்பது எனக்குத் தெரியும், நகையை அடகு வைத்துக் கட்டியவள் நான்.

எனக்கும் அப்படி ஒரு வாய்ப்பு ஒருமுறை கிடைத்தது. இளையோர் அணி ஒன்றின் தலைமைப் பயிற்சியாளர், "இனி கார்னர், ஃப்ரீ கிக் எல்லாம் உன் பொறுப்பும்மா, நான் குறுக்கே வரமாட்டேன்" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். முதல் ஆறு ஆட்டத்தில் நான் சொதப்பினேன். அவர் குறுக்கே வரவில்லை. ஏழாவது ஆட்டத்தில் முதல் கோல் விழுந்தது. தப்புச் செய்வதற்கும் ஒரு இடம் வேண்டும் என்பதை அந்த சீசனில்தான் புரிந்துகொண்டேன். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த இடத்தைத்தான் நீங்கள் கொடுப்பதே இல்லை. ஆர்ட் ஷெல் 1989இல் ரெய்டர்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். 1920களுக்குப் பிறகு என்எஃப்எல்லில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். 54 வெற்றி, 38 தோல்வி என்ற கணக்கோடு 1994 சீசன் முடிவில் நீக்கப்பட்டார். அடுத்த வாய்ப்பு 2006இல் வந்தது. பெரும்பான்மைப் பின்னணி கொண்ட பயிற்சியாளர் ஒருவர் தோற்றால், அடுத்த சீசனுக்குள் வேறு அணியில் பார்க்கிறோம். மற்றவர் தோற்றால் அவரைப் போன்ற எல்லோரும் தோற்றதாகக் கணக்கு எழுதிவிடுகிறோம்.

கிம் இங் என்ற பெண் 1990இல் சிகாகோ வைட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் அலுவலகத்தில் வேலை பழகும் இன்டர்னாகச் சேர்ந்தார். 29 வயதில் நியூயார்க் யாங்கீஸின் உதவிப் பொது மேலாளர். பிறகு பல அணிகளில், வீரர்களைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தம் பேசும் பொறுப்பான பொது மேலாளர் பதவிக்கு நேர்காணல் போய்வந்தார். மயாமி மார்லின்ஸ் அவரைப் பொது மேலாளராக்கியது 2020 நவம்பரில். அந்தப் பதவியை எட்ட முப்பது வருடம். மூன்றாவது சீசனில் அணி பிளே ஆஃபுக்குப் போனது. அந்த சீசன் முடிந்ததும், அவருக்கு மேலே இன்னொருவரைக் கொண்டுவர உரிமையாளர் எண்ணினார், கிம் விலகிக்கொண்டார். ஒருவரை உள்ளே கொண்டுவந்து புகைப்படம் எடுப்பதோடு வேலை முடிவதில்லை. அவர் முடிவெடுக்க விடுகிறீர்களா என்பதுதான் எனக்கு முக்கியம்.

முடிவெடுக்கிற மேசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரியில் டோக்கியோ ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுத் தலைவர் யோஷிரோ மோரி, பெண்கள் நிறைய இருந்தால் கூட்டம் நீண்டுபோகும் என்ற பொருளில் பேசினார். எதிர்ப்பு கிளம்பி, பத்து நாளுக்குள் விலகினார். அவர் இடத்துக்கு செய்கோ ஹஷிமோட்டோ என்ற பெண் வந்தார். மார்ச் மாதமே நிர்வாகக் குழுவில் 12 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். அதுவரை பெண்கள் குறைவாகவே இருந்த குழுவுக்கு, சில வாரத்தில் 12 பேர் கிடைத்தார்கள். அந்த வேகம் உங்களுக்கும் முடியும். மாற்றுத்திறனாளி விளையாட்டிலும் பாருங்கள்: சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடிய ஃபிலிப் கிரேவன் 2001 முதல் 2017 வரை சர்வதேசப் பாராலிம்பிக் குழுவை நடத்தினார். உங்கள் நிர்வாகக் குழுவில் சக்கர நாற்காலியில் வருகிறவர் எத்தனை பேர்? உங்கள் கூட்ட அறைக்குப் படியில்லாமல் வர முடியுமா?

நான் கேட்பது இதுதான். உங்கள் லீக்கில் அடுத்து காலியாகும் உதவி வேலைகளை, சின்ன வேலைகளையும் சேர்த்து, வெளியே அறிவியுங்கள். நேர்காணலுக்கு முன்பே என்ன பார்க்கப் போகிறோம் என்று எழுதிவைத்து, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். ஆண் பயிற்சியாளரிடம் கேட்காத உடைமாற்றும் அறைக் கேள்வியைப் பெண்ணிடமும் கேட்காதீர்கள். யாரை ஏன் எடுத்தோம், யாரை ஏன் விட்டோம் என்ற குறிப்பு லீக்கிடம் இருக்கட்டும், வருடம் ஒருமுறை எண்ணிக்கையையாவது வெளியிடுங்கள். தலைமைக்கு ஆளை வளர்த்துக் கொடுக்கிற கிளப்புக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். என்எஃப்எல் 2020இல் இதைச் செய்தது. சிறுபான்மைப் பின்னணி கொண்ட தன் உதவியாளரை இன்னொரு அணி தலைமைப் பயிற்சியாளராகவோ பொது மேலாளராகவோ எடுத்துக்கொண்டால், வளர்த்த அணிக்கு, புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மூன்றாம் சுற்றுத் தேர்வுகள் கூடுதலாகக் கிடைக்கும். உங்கள் ஆட்டத்துக்கு ஏற்ற வெகுமதி எது என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி அடுத்த மாதம் லைசென்ஸ் முடிக்கிறாள். பதினாறு வயதில் என் அணிக்குக் கோல்கீப்பராக வந்தவள். உங்களில் ஒருவரின் கிளப்புக்கு விண்ணப்பம் போடப்போகிறாள். இப்போதே இரவெல்லாம் உட்கார்ந்து அந்த அணியின் ஆட்டங்களைப் பார்த்துக் கோப்பு தயாரித்துக்கொண்டிருக்கிறாள். "அக்கா, எத்தனை பக்கம் இருந்தா படிப்பாங்க?" என்று நேற்று கேட்டாள். முப்பது பக்கம் வரை போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவள் உள்ளே வரும்போது அந்த முப்பது பக்கத்தையும் நீங்கள் படித்து முடித்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்துப் பயிற்சியாளர்